டிரைவர் பிரச்னைக்கு பார்மட் மருந்தல்ல

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்கவில்லை என்றால் பார்மட். வை-பி வரவில்லை என்றால் பார்மட். பிரிண்டர் அச்சடிக்க மறுத்தால் அதற்கும் பார்மட். முண்டியம்பாக்கத்தில் இருந்து கொண்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் பார்த்து வருவது இதைத்தான். சர்வீஸ் கடையில் கம்ப்யூட்டரைக் கொண்டு போய் வைத்தவுடன் வரும் முதல் கேள்வி, "என்ன பிரச்னை?" என்பது இல்லை. "டேட்டா ஏதாவது இருக்கா சார்?" என்பதுதான். இல்லை என்று தலையாட்டினால் அடுத்த பத்தாவது நிமிடம் ஹார்ட் டிஸ்க் காலி.

நான் ஹார்ட்வேர் இன்ஜினியர் இல்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சாதாரண ஆள். ஆனால் இப்படி பார்மட் செய்யப்பட்ட கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு வந்திருந்தது டிரைவர் கோளாறு மட்டும்தான் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், அதிலும் குறிப்பாக ஒருவர் பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

டிரைவர் என்பது என்ன? நமக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னருக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேச ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார் அல்லவா? கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்கிற புரோகிராம்தான் டிரைவர். விண்டோஸ் சொல்வது சவுண்ட் கார்டுக்குப் புரியாது. சவுண்ட் கார்டு சொல்வது விண்டோஸுக்குப் புரியாது. டிரைவர் இரண்டு பக்கமும் பேசும். துபாஷி இல்லாத இடத்தில் கவர்னரும் ஊமை, ஊர்க்காரரும் ஊமை. கவர்னர் மாறினாலும் தொல்லைதான். விண்டோஸ் 98-இன் பாஷை தெரிந்த டிரைவருக்கு எக்ஸ்பியின் பாஷை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்ட டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யவே செய்யாது. சவுண்ட் கார்டு நன்றாக இருக்கும், விண்டோஸும் நன்றாக இருக்கும், ஆனாலும் சத்தம் வராது.

பழைய விண்டோஸ் தொகுப்புகளில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்றால், ஒவ்வொரு விண்டோஸுக்கும் தான் வெளிவந்த நாள்வரை சந்தைக்கு வந்திருந்த சாதனங்களைத்தான் தெரியும். விண்டோஸ் 98 காலத்தில் பென் டிரைவ் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். அதனுடன் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி சிடி வரும். அதை இன்ஸ்டால் செய்தால்தான் 98-க்கு பென் டிரைவ் என்ற ஒன்று இருப்பதே தெரியும். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. அதற்குப் பின் பரவிய சாட்டா வகை ஹார்ட் டிஸ்க் இருக்கும் கம்ப்யூட்டரில் எக்ஸ்பி சிடியைப் போட்டால், "ஹார்ட் டிஸ்க்கே இல்லை" என்று சாதிக்கும். அல்லது 7பி என முடியும் எண்ணுடன் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். எத்தனையோ நல்ல ஹார்ட் டிஸ்க்குகளை இதைப் பார்த்து "போயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். பயாஸுக்குள் போய் சாட்டா என்ற இடத்தில் ஏ.எச்.சி.ஐ. என்றிருப்பதை ஐ.டி.இ. என்று மாற்றினாலே போதும், பெரும்பாலான பழைய போர்டுகளில் எக்ஸ்பி சமத்தாக இன்ஸ்டால் ஆகும்.

விண்டோஸ் 7-க்கும் இதே கதைதான். அது 2009-இல் வந்தது; அதன் டிவிடியில் யு.எஸ்.பி. 3.0-க்கான டிரைவர் இல்லை. 2015-இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறை கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 7 போட உட்கார்ந்தவர்கள் முதல் திரையிலேயே மாட்டிக் கொண்டார்கள். மவுஸ் நகராது, கீபோர்டும் வேலை செய்யாது. இரண்டுமே பழுதில்லை. அவை செருகப்பட்ட யு.எஸ்.பி. வாசல் எது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் விண்டோஸ் 98-இன் பெருமையைக் காட்ட ஒரு ஸ்கேனரைக் கம்ப்யூட்டரில் செருகினார். செருகியதும் ஸ்கேனரை விண்டோஸே கண்டுபிடித்து டிரைவரைப் போட்டுக் கொள்ளும் என்று காட்டுவதுதான் திட்டம். நீலத் திரை வந்தது. அரங்கமே சிரித்தது. அவருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்!

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் என்னிடம் இருந்தது அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பி. டெலிபோன் லைனில் இன்டர்நெட் பார்க்க உள்ளே ஒரு மோடம் கார்டு. ஒரு நாள் மோடம் நின்றுவிட்டது. அதனுடன் வந்த சிடியைத் தேடினால் கிடைக்கவில்லை (பிறகு பரணில், கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் கிடைத்தது). நண்பர் ஒருவரிடம் அதே கம்பெனி மோடம் இருந்தது. அவருடைய சிடியை வாங்கி வந்து போட்டேன். இன்ஸ்டால் ஆனது, ஆனால் டயல் செய்யவில்லை. சரி, விண்டோஸ் கெட்டுவிட்டது என்று பார்மட் செய்தேன். அப்படியே இருந்தது. மறுபடியும் பார்மட். மூன்றாவது முறையும் செய்தேன். கடைசியில் சிபியுவைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு விழுப்புரத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். கரும்பு சீசன். சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றதில் பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

அங்கே இருந்த வயதான ஒருவர் கார்டைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு, அதிலிருந்த கறுப்பு சிப்பின் மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தார். "உங்க பிரெண்டோட கார்டுல வேற சிப்பு இருந்திருக்கும் சார். அட்டைப் பெட்டி ஒண்ணுதான், உள்ள சிப்பு வேற" என்றார். சரியான டிரைவரைப் போட்டார். ஐந்து நிமிடம். ஐம்பது ரூபாய் வாங்கிக் கொண்டார். அட்டைப் பெட்டியின் பெயரை வைத்து டிரைவர் தேடக் கூடாது, சிப்பின் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும் என்று அன்று தெரிந்து கொண்டேன். மூன்று பார்மட்டில் அழிந்தது என்னுடைய கணக்கு வழக்குகள் மட்டும்தான். அதனால் பெரிய வருத்தம் இல்லை.

இப்போது சிப்பின் பெயரைப் படிக்கக் கார்டைக் கழற்ற வேண்டியதில்லை. விண்டோஸே சொல்லும். மை கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பியாக இருந்தால் ஹார்ட்வேர் டேபில் டிவைஸ் மேனேஜர் கிடைக்கும். விண்டோஸ் 7-இல் இடது பக்கத்திலேயே இருக்கும். விண்டோஸ் 10-இல் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் போதும். அந்தப் பட்டியலில் மஞ்சள் குறியுடன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டபுள் கிளிக் செய்தால் கிடைக்கும் சிறிய விண்டோவில் ஒரு கோட் எண் தெரியும். இந்த எண்ணை யாரும் படிப்பதில்லை. மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் பிரித்துப் பார்க்காமல் மருந்துக் கடையில் நிற்பது போன்றது இது.

28 என்று இருந்தால் டிரைவர் இன்ஸ்டால் செய்யப்படவில்லை என்று பொருள். இதைவிட நல்ல செய்தி இல்லை. சாதனம் உயிருடன் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கும் அது தெரிகிறது. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை; பெரும்பாலும் பொருந்தாத டிரைவர், சில சமயம் சாதனத்திலேயே கோளாறு. 39 என்றால் டிரைவர் பைல் கெட்டிருக்கிறது அல்லது காணாமல் போயிருக்கிறது. 43 வந்தால் கொஞ்சம் கவலைப்படலாம். சாதனமே "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லியிருக்கிறது. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. பழைய விண்டோஸ் 7-இல் புதிய டிரைவரைப் போடும்போது இந்த 52 அடிக்கடி வரும். எஸ்.எச்.ஏ.-2 என்ற புதிய கையொப்ப முறை அதற்குத் தெரியாததுதான் காரணம். 2019-இல் மைக்ரோசாப்ட் தந்த கேபி4474419 என்ற அப்டேட்டைப் போட்டால் தெரிந்து கொள்ளும். இதற்கும் பார்மட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்மட் செய்த பிறகும் அதே 52 வந்து நிற்கும்.

அதே விண்டோவில் டீடெய்ல்ஸ் என்ற டேபைத் தேர்ந்தெடுத்து, கீழ்நோக்கி விரியும் மெனுவில் ஹார்ட்வேர் ஐடி என்பதைக் கிளிக் செய்யுங்கள். நீளமான ஓர் எழுத்து வரிசை வரும். பயந்துவிட வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டு நான்கெழுத்துத் துண்டுகள் மட்டுமே. முதல் துண்டு சிப்பைத் தயாரித்தவர் யார் என்று சொல்லும். அடுத்தது எந்த சிப் என்று சொல்லும். முதல் துண்டு 8086 என்றால் இன்டெல். 1978-இல் தான் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அந்நிறுவனம் அடையாளமாக வைத்துக் கொண்டது. 1002 என்றால் ஏடிஐ, அதாவது பின்னாளில் ஏஎம்டியுடன் சேர்ந்தது. 1106 என்றால் வியா. 1039 என்றால் சிஸ். நம் ஊர் அசெம்பிள் கம்ப்யூட்டர்களில் பாதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும். அந்த எழுத்து வரிசையை மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற மைக்ரோசாப்ட்டின் தளத்தில் தேடினால், பல சாதனங்களுக்கு டிரைவர் அங்கேயே கிடைக்கும். கட்டணம் இல்லை, வைரஸ் பயமும் இல்லை. "உங்கள் கம்ப்யூட்டரில் 23 டிரைவர்கள் பழையவை" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் விளம்பர புரோகிராம்கள் பக்கம் போகாதீர்கள். அவை கொண்டு வரும் குப்பையை அகற்ற நிஜமாகவே பார்மட் தேவைப்படும்.

இனி என் அக்கா மகளின் கதை.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு திண்டிவனத்தில் பிளஸ் டூ படித்துக் கொண்டிருந்த அவளுக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளையின் பெயரில் வந்த முதல் கம்ப்யூட்டர் அது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே இருந்தன. நர்ஸிங் படிக்கப் போனபோதும் அதுதான் கூடப் போனது. ஸ்டார்ட்டரில் டெஸ்க்டாப் படத்தை மாற்ற முடியாது. இது அவளுக்குப் பெரிய குறை. 2015-இல் வை-பி வேறு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் ஒரு கடையில் கொண்டு போய்க் கொடுத்தாள். "அல்டிமேட் போட்டுத் தரேன், படம் எல்லாம் மாத்திக்கலாம்" என்றார் கடைக்காரர். போட்டுத் தந்தார். படத்தை மாற்ற முடிந்தது. ஆனால் வை-பி சுத்தமாக இல்லை, சத்தமும் போய்விட்டது. கேட்டதற்கு, "வை-பி கார்டு போயிடுச்சும்மா, 1,400 ரூபாய் ஆகும்" என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் வந்து முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினாள். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க மாமா." என்னிடம் லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒன்று எப்போதும் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்து பார்க்கலாம். பூட் செய்தேன். என் வீட்டு பிராட்பேண்டின் பெயர் வை-பி பட்டியலில் வந்து நின்றது. கார்டு போகவில்லை. டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் இரண்டு இடத்திலும் கோட் 28. ஸ்டார்ட்டர் 32 பிட் தொகுப்பு. கடைக்காரர் போட்டது 64 பிட் அல்டிமேட். கைவசம் இருந்த டிரைவர் பைல்கள் பொருந்தவில்லை, அவர் மேற்கொண்டு தேடவில்லை. ஐடியை வைத்து இரண்டையும் டவுன்லோட் செய்து போட இருபது நிமிடம் ஆகியிருக்கும். பாட்டு வந்தது. அவள் கை தட்டினாள். (பிட் கணக்கு தெரியாமல் டிரைவர் தேடாதீர்கள், மை கம்ப்யூட்டர் பிராப்பர்ட்டீஸிலேயே எழுதியிருக்கும்.)

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தாத்தா படமெல்லாம் இதுலதான் மாமா இருந்துச்சு."

தாத்தா என்று அவள் சொன்னது என் அப்பாவை. 2014 பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தோம். யாருடைய கேமராவிலோ எடுத்து, அவள் லேப்டாப்பில் காப்பி செய்துவிட்டு, கேமரா கார்டை அழித்துவிட்டார்கள். அந்த ஆடி மாதம் அப்பா போய்விட்டார். கடைக்காரர் சி டிரைவை மட்டும் பார்மட் செய்திருந்தால்கூட டி டிரைவில் இருந்த படங்கள் தப்பியிருக்கும். அவர் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு ஒரே டிரைவாக ஆக்கியிருந்தார். "டேட்டா இருக்கா?" என்று கேட்டாரா என்றேன். கேட்டாராம். பாடக் குறிப்புகளைக் கேட்கிறார் என்று நினைத்து இல்லை என்று சொல்லிவிட்டாளாம். டேட்டா என்ற சொல்லுக்குள் தாத்தாவும் வருவார் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

போட்டோரெக் என்று ஒரு இலவசத் தொகுப்பு உண்டு. அழிந்த ஹார்ட் டிஸ்க்கைத் துழாவிப் படங்களை மீட்கப் பார்க்கும். இரவு முழுவதும் ஓடவிட்டேன். 37 படங்கள் முழுதாகக் கிடைத்தன. சில பாதிப் படங்கள். மேலே முகம், கீழே சாம்பல் நிறப் பட்டை. அப்பா மாட்டுக்கு மாலை போட்டுக் கொண்டு நிற்பதாக அவள் சொன்ன படம் கிடைக்கவில்லை. கோட் 28-க்காக, இருபது நிமிட வேலைக்காக, அது போனது.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சர்வீஸ் சார்ஜ் 200, 300 ரூபாய். பார்மட் செய்து விண்டோஸ் போட முக்கால் மணி நேரம். அதுவும் பக்கத்திலேயே உட்கார வேண்டியதில்லை. ஒரே சமயத்தில் நான்கு கம்ப்யூட்டர் ஓடும். ஹார்ட்வேர் ஐடி பார்த்து, டிரைவர் தேடி, பொருந்தாமல் போய், வேறொன்றைத் தேடினால் ஒரு கம்ப்யூட்டருக்கே அரை நாள் போய்விடும். அதற்கு யார் காசு தருகிறோம்? "ஒரு பைல்தானே போட்டீங்க, அதுக்கா 300?" என்று கேட்கிறவர்கள் நாம்தான். பார்மட் செய்தால் பெரிய வேலை செய்தது போலத் தெரிகிறது, தயங்காமல் கொடுக்கிறோம். வைரஸ் புகுந்து விண்டோஸே சிதைந்து கிடக்கும்போது பார்மட் சரியான வழிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மஞ்சள் குறியைக்கூடப் பார்க்காமல் செய்கிற பார்மட்டைச் சர்வீஸ் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது விண்டோஸே எல்லாவற்றையும் போட்டுக் கொள்கிறதே என்று கேட்கலாம். புதுக் கம்ப்யூட்டருக்கு அது சரி. ஆனால் நம்மில் எத்தனை பேர் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறோம்? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது மைக்ரோசாப்ட்டின் கணக்கு. கணக்கில் வராத நல்ல கம்ப்யூட்டர்களை அலுவலகங்கள் தள்ளிவிடுகின்றன. அவைதான் ரிச்சி தெரு வழியாக மாவட்டத் தலைநகரங்களுக்கும், அங்கிருந்து நம் வீடுகளுக்கும் வருகின்றன. வாங்குகிறவருக்கு அது முதல் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கோ அது மூன்றாவது வீடு. கூட சிடியும் வருவதில்லை, புத்தகமும் வருவதில்லை.

இன்னொன்று. வலைத்தளத்தில் என்றைக்கும் இருக்கும், வேண்டும்போது எடுத்துக் கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். இன்டெல் தன் பழைய மதர்போர்டுகளுக்கான பயாஸ், டிரைவர் பைல்களை 2019 நவம்பரில் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. பழைய முறையில் கையொப்பமிட்ட விண்டோஸ் பைல்களை மைக்ரோசாப்ட் 2020 ஆகஸ்ட்டில் தன் டவுன்லோட் பக்கத்திலிருந்து நீக்கியது. பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் தன்னார்வலர்கள் பழைய டிரைவர் சிடிக்களை ஏற்றி வைத்திருப்பதால் இன்று பல கம்ப்யூட்டர்கள் பிழைத்துக் கிடக்கின்றன. நம் வீட்டு நிலப் பத்திரத்தை ஊரான் பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்போமா?

ஆகவே கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே ஒரு வேலை செய்துவிடுங்கள். விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய தொகுப்பு என்றால், விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் பைல்ரெபாசிட்டரி என்ற போல்டர் இருக்கும். அதை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். இன்ஸ்டால் ஆன டிரைவர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நாளைக்கு அதே விண்டோஸை மறுபடி போட நேர்ந்தால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ள சாதனத்தில் ரைட் கிளிக் செய்து அப்டேட் டிரைவர் கொடுத்து, அந்த போல்டரைக் காட்டினால் போதும்; தனக்கு வேண்டியதை அதுவே எடுத்துக் கொள்ளும். எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் டபுள் டிரைவர் என்ற சிறிய இலவசத் தொகுப்பைப் பயன்படுத்தலாம். லேன் அல்லது வை-பி டிரைவரை மட்டும் தனியாக இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் எடுக்க இன்டர்நெட் வேண்டும் என்ற நிலையில் மாட்டிக் கொண்டால் கோழி முட்டைக் கதைதான். விண்டோஸ் 10 என்றால் மொபைல் போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் செய்து தப்பிக்கலாம். எக்ஸ்பியில் அதை நம்ப வேண்டாம்.

பிரிண்டர் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் புது பிரிண்டரைப் பிரித்ததும் முதலில் யு.எஸ்.பி. கேபிளைச் செருகிவிட்டார். விண்டோஸ் ஏதோ ஒரு பெயரில் அதை அரைகுறையாகப் பதிந்து கொண்டது. அதன் பின் சரியான டிரைவர் உட்காரவே இல்லை. வெளியே நோயாளிகளின் உறவினர்கள் ஆதார் பிரதிக்காக வரிசையில் நிற்கிறார்கள். கேபிளைப் பிடுங்கி, டிவைஸ் மேனேஜரில் அந்தப் பதிவை அன்-இன்ஸ்டால் செய்து, முதலில் டிரைவர், அது கேட்கும்போது கேபிள் என்று செய்ததும் ஓடியது. பல பிரிண்டர்களின் கேபிள் முனையில் "இப்போது செருகாதே" என்று ஸ்டிக்கர் ஒட்டியே அனுப்புகிறார்கள். அதைத்தான் நாம் முதலில் கிழிக்கிறோம்.

கம்ப்யூட்டர் விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பழையதோ புதியதோ, விற்கும்போது அதன் டிரைவர்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். இன்று அதற்காகும் செலவு ஒரு பிரியாணிப் பொட்டலத்தைவிடக் குறைவு. வாங்குகிறவர்களும் கேட்டு வாங்க வேண்டும். மவுஸ் பேட் இலவசமாகத் தருவார்களா என்று கேட்கிற நாம் இதைக் கேட்பதில்லை. அரசுக்கும் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் போன்ற சாதனங்கள் தருவதாக 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தரும் ஒவ்வொரு மாடலின் டிரைவர்களையும் அரசுத் தளத்தில் ஒரே பக்கத்தில் போட்டு, பத்து ஆண்டுகளுக்கு நீக்காமல் வைத்திருந்தால், அந்தப் பிள்ளைகள் எந்தக் கடையிலும் 1,400 ரூபாய் கேட்கப்பட்டு விழிக்க வேண்டியிருக்காது.

சென்ற மாதம் அக்கா மகள் போன் செய்தாள். இப்போது அவள் செவிலியர். கணவர் அலுவலகத்தில் கழித்துவிட்ட லேப்டாப் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார், சத்தம் வரவில்லை, கடைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கடையில் நின்றபடியேதான் பேசினாள். "மாமா, பார்மட் பண்ணணும்னு சொல்றாங்க. நான் வேணாம்னுட்டேன். 28-ன்னுதான் காட்டுது, 10 இல்ல. ஐடியை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கேன், பாருங்க." பார்த்தேன். பத்தில் தொடங்கி இசி என முடிந்தது, ரியல்டெக். தேடி எடுத்து அனுப்பினேன். மாலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. பின்னால் லேப்டாப்பில் ஏதோ பாட்டு ஓடிக் கொண்டிருந்தது, அவ்வளவுதான்.